யாரும் கேட்காத முட்டை

"புதன்கிழமை அதுவுமா தட்டுல அயிப் வச்சு அனுப்பியிருக்கீங்க. யாருக்குத் தெரியுமா? கிப்ரெத்துக்கு."

வெய்ஸெரோ அஸ்நாகெச் அம்மாள் மெதுவாகப் பேசித்தான் ஆரம்பித்தார். அதுதான் பயமாக இருந்தது. அடிஸ் அபாபாவில் முப்பது அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சமையலறை அவருடையது. யாருக்கு என்ன சாப்பாடு என்று வாங்கி, சமையலறையில் சீட்டு அச்சடிக்கும் கணினி நிரலை எழுதிக் கொடுத்தது நாலாவது மாடியில் இருந்த இந்தச் சின்ன நிறுவனம். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அறையில் இருந்த ஐந்து பேரும் கேட்டார்கள். நால்வர் ஹிருத்தைப் பார்த்தார்கள். ஹிருத் தன் விசைப்பலகையைப் பார்த்தாள்.

"எந்தக் கிப்ரெத், எத்தியே?" என்றான் எர்மியாஸ். அவன்தான் குழுத் தலைவன். தன்னைவிட மூத்த பெண்களை அக்கா முறையில் 'எத்தியே' என்று அழைக்கும்போது மட்டும் அவன் குரலில் கொஞ்சம் பணிவு வரும்.

"எந்தக் கிப்ரெத்தா? மரியம் மாதா கோயில்ல பாடுறவரு. நமக்கெல்லாம் புதன், வெள்ளி விரதம் இன்னைக்குத்தானே திரும்ப ஆரம்பிச்சுது? அவரு திங்கக்கிழமையே புடிச்சிட்டாரு. மத்தியானப் பூசை முடியற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்கமாட்டாரு. இப்பத்தான் வந்து மூடியத் தொறந்திருக்காரு. பருப்புக்கும் கீரைக்கும் நடுவுல வெள்ளையா அயிப், பாலாடைக்கட்டி. தெரியாம ஒரு வாய் தின்னுட்டாராம். அம்பது நாளா இல்லாத விரதம், மூணாவது நாளே என்னால முறிஞ்சுதாம். எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு."

"சீட்டுல என்ன இருந்துச்சு, எத்தியே?"

"சீட்டுல 'விரதத் தட்டு'ன்னு இருக்கு. அதுக்குக் கீழே 'அயிப்'னும் இருக்கு. எழுதியிருக்கறதத்தான் என் பொண்ணுங்க வைக்கும். நீங்க எழுதினது."

அவர் வைத்துவிட்டார். எர்மியாஸ் போனின் ஒலிபெருக்கியை அணைத்தான். பிறகு திரும்பினான்.

"என்ன சொன்னே நீ? 'தப்பே வராது'ன்னுதானே?"

"'கம்மியா வரும்'னுதான் சொன்னேன்" என்றாள் ஹிருத்.

அது உண்மைதான். அப்படித்தான் சொன்னாள். தன் நோட்டிலும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள். ஆனால் இந்த நேரத்தில் அந்த வித்தியாசம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஹிருத் இரண்டு வருடம் இதே அலுவலகத்தில், சாப்பாட்டு வாடிக்கையாளர்களின் போன் எடுக்கும் வேலையில் இருந்தவள். மாலையில் கல்லூரிக்குப் போய் நிரல் எழுதப் படித்தாள். பாஸ்கா என்ற ஈஸ்டருக்கு முந்தைய பெரிய விரதம் தொடங்கிய வாரத்தில் எர்மியாஸ் அவளை ஜன்னலோர நாற்காலிக்கு மாற்றினான். நாலு மாதச் சோதனை என்றான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரமே, ஒரு தட்டுக்கான விவரங்களை நிரலில் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துத் திகைத்துப்போனாள். பன்னிரண்டு விவரங்களை ஒரே மூச்சில், ஒரே வரிசையில் கொடுக்க வேண்டும். பெயர், அலுவலகம், மாடி, என்ன சாப்பாடு, எத்தனை இஞ்செரா ரொட்டி. அதன் பிறகு ஏழு தடவை ஆம், இல்லை, இல்லை, ஆம். ஆறாவதாக வரும் ஆம் விரதத்துக்கா, காரத்துக்கா என்று எழுதியவனுக்குத்தான் தெரியும். எழுதியவன் எர்மியாஸ். பெரிய விரதத்தின் இரண்டாவது வாரம் அவனே அந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டான். விரதக்காரர் ஒருவருக்கு இறைச்சி போயிருக்கும். சமையலறையில் யாரோ கவனித்ததால் தப்பித்தார்கள்.

அன்றுதான் அவள் வாயைத் திறந்தாள். வகுப்பில் பில்டர் முறை, அதாவது கட்டித் தருபவர் முறை, என்று ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தட்டை ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். தட்டை அடுக்கித் தருவதற்கென்று ஒரு பில்டரை வைத்துக்கொள்ளலாம். அதனிடம் ஒவ்வொன்றையும் அதன் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்: சாப்பாடு இது, காரம் வேண்டும், முட்டை வேண்டும். வேண்டாததைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் 'கட்டு' என்று கட்டளை கொடுத்தால்தான் தட்டு உருவாகும். கட்டிய பிறகு அதை யாரும் மாற்ற முடியாது.

"பரீட்சைக்குப் படிச்சதையெல்லாம் இங்க கொண்டுவந்து கொட்டாத" என்றான் எர்மியாஸ் அப்போது. ஆனால் மாற்றிப் போட்டது அவன் என்பதால் முழுதாக மறுக்கவும் முடியவில்லை. "சரி, எழுது. ஆனா ஒண்ணு. மழை புடிக்கற செனே மாசம் முடியற வரைக்கும் ஒரு தட்டுகூட தப்பாப் போகக்கூடாது. போச்சுன்னா என்னுது திரும்ப வரும். நீயும் உன் போன் மேசைக்குத் திரும்பிடு."

அவள் எழுதினாள். பாஸ்கா முடிந்த மறுவாரம் அது சமையலறைக்குப் போனது. ஐம்பது நாள் ஒரு புகாரும் இல்லை. ஐம்பதாவது நாள் அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தொடங்கியிருந்தாள்.

இப்போது எர்மியாஸ் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு அவள் மேசையருகே வந்தான்.

"நாளைக்கு ஒரு நாள் தரேன். அதுவும் பழையதைத் திருப்பிப் போட எனக்கே ஒரு நாள் ஆகும்கறதால. நாளைக்கு அந்தச் சமையலறையிலேர்ந்து ஒரே ஒரு புகார் வந்தாலும், வெள்ளிக்கிழமை காலைல என்னுது ஓடும்."

"உங்களுதுலயும் தப்பு வந்துச்சே."

"என் தப்பு எனக்கு மூஞ்சி தெரிஞ்ச தப்பு, ஹிருத். உன்னுது யாருன்னே தெரியலையே."

ஹிருத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் சொன்னது சரி என்பதுதான் ஆத்திரமாக இருந்தது.

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஆறு மணி வகுப்புக்கு அவள் போகவில்லை. நோட்டைத் திறந்து தேதி போட்டாள். முதல் கேள்வி: அயிப்பை யார் கேட்டது? கிப்ரெத் கேட்கவில்லை. அவர் அனுப்பிய ஆர்டரில் 'விரதத் தட்டு' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படியானால் நிரல்தான் அயிப்பை வைத்திருக்கிறது. ஆனால் நிரலுக்கு அயிப் மேல் என்ன ஆசை? தன் வரிகளை மேலிருந்து கீழாகப் படித்தாள். சரியாக இருந்தன. கீழிருந்து மேலாகப் படித்தாள். அப்போதும் சரியாகவே இருந்தன. அவள் எழுதிய நாற்பத்து மூன்று சோதனைகளையும் ஓட்டினாள். நாற்பத்து மூன்றும் பச்சை; எல்லாம் சரி என்றது திரை. ஒன்றாவது சிவப்பாக வந்திருந்தால் அதைக் கட்டியணைத்திருப்பாள்.

அப்போது மின்சாரம் போனது. வெளியே வருடத்தின் முதல் பெரிய மழை தகரக்கூரைகளின் மேல் இறங்கியிருந்தது. மடிக்கணினியில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு உயிர் இருந்தது. 'நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ' என்று நோட்டில் எழுதினாள். இது கேள்வியா பதிலா என்று தெரியாமல் அடித்துவிட்டாள்.

பிறகு கிப்ரெத்தின் அலுவலகத்துக்கு அன்று போன ஒன்பது தட்டுகளையும் வரிசையாக எடுத்தாள். மூன்றாவது தட்டு ரோஸா என்ற பெண்ணுடையது. அவள் வேறு சபைக்காரி, புதன்கிழமை விரதம் இல்லை. கோழிக் குழம்பு, கூடவே அயிப், என்று கேட்டிருந்தாள். நாலாவது கிப்ரெத். அயிப். ஐந்தாவது ஆள் வறுத்த இறைச்சி கேட்டிருந்தான். அவனுக்கும் அயிப். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எல்லோருக்கும் அயிப். முதல் இரண்டு பேருக்கு மட்டும் இல்லை.

அவள் பில்டரின் வரிகளுக்குத் திரும்பிப் போனாள்.

ஒரு அலுவலகத்துக்கு ஒரு பில்டர் என்று அவள்தான் எழுதியிருந்தாள். அலுவலகத்தின் பெயரையும் மாடியையும் ஒன்பது தடவை திரும்பச் சொல்ல வேண்டாமே என்று. அதே பில்டரிடம் நிரல் ரோஸாவுக்கு வேண்டியதைச் சொல்லித் தட்டைக் கட்டியது. அடுத்து அதே பில்டரிடம் கிப்ரெத்தின் பெயரையும் விரதத் தட்டையும் சொன்னது. பெயர் மாறியது, சாப்பாடு மாறியது. அயிப்பைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. 'வேண்டாததைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்' என்று அவள்தானே பெருமையாகச் சொன்னாள்? பேச்செடுக்காததால் ரோஸாவின் அயிப் பில்டரின் கையிலேயே இருந்தது. பில்டர் அதை அடுத்தவருக்கும், அதற்கடுத்தவருக்கும் வைத்துக்கொண்டே போனது. திங்களும் செவ்வாயும் கிப்ரெத்துக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அந்த இரண்டு நாளும் முதலில் ஆர்டர் கொடுத்தவர் அவர்.

அப்படியானால் போன வாரம்? அதற்கு முந்தின வாரம்? அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்தாள். எந்த அலுவலகத்தில் எவர் முதலில் 'கூடுதல் முட்டை' கேட்டாரோ, அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் முட்டை போயிருந்தது. பாஸ்காவுக்குப் பிந்தைய ஐம்பது நாளும் ஊரில் யாருக்கும் விரதம் கிடையாது. மூடியைத் திறந்தால் கேட்காத முட்டை. யார் புகார் சொல்வார்கள்?

சோதனைகள்? அந்த நாற்பத்து மூன்றையும் மறுபடி திறந்தாள். கடலைமாவு ஷிரோ. பருப்பு. கீரை. ஷிரோ. உருளைக்கிழங்கு. ஒரு சோதனையில் ஒரே அலுவலகத்துக்கு ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேருக்கும் ஷிரோ. ஒரு முட்டை இல்லை, ஒரு துளி வெண்ணெய் இல்லை. அத்தனையையும் அவள் எழுதியது பெரிய விரதத்தின் ஐம்பத்தைந்து நாட்களுக்குள். ஒரு பிற்பகல் அவள் விரல் இறைச்சியின் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, ஏதோ செய்யக்கூடாததைச் செய்ததுபோல் அழித்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. தின்னப்போவதில்லை. எழுதத்தான் போகிறாள். அதுவும் இல்லாத ஒரு ஆளுக்கு. ஆனாலும் அழித்தாள். கணினிக்கும் சேர்த்து விரதம் இருந்திருக்கிறாள்.

அவள் சிரிக்கவில்லை. திருத்தம் இரண்டு வரிகூட இல்லை: ஒரு ஆளுக்கு ஒரு புதிய பில்டர். ஐம்பது நாள் ஒளிந்திருந்ததற்கு இரண்டு வரி. அதைப் போட்டுவிட்டு, முட்டையும் வெண்ணெயும் இறைச்சியும் அயிப்பும் கலந்து இருபது புதிய சோதனைகளை, பல்லைக் கடித்துக்கொண்டு, விரத நாளிலேயே எழுதி முடித்தாள்.

வியாழக்கிழமை காலை எர்மியாஸ் வந்து கோட்டைக் கழற்றுமுன் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஐம்பது நாளையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். புதன்கிழமைத் தப்பு மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

"அம்பது நாளா?"

"ஆமா."

"அம்பது நாளா ஊருக்கெல்லாம் முட்டை போட்டிருக்கே."

"கேட்டவங்களுக்குப் பின்னாடி வந்தவங்களுக்கு மட்டும்."

"நல்ல மனசு உனக்கு" என்றான் அவன். "எத்தியே அஸ்நாகெச்கிட்ட நீயே சொல்லு."

அவள் போன் செய்து சொன்னாள். எதிர்முனையில் அடுப்பில் ஏதோ கொதிப்பது கேட்டது.

"முட்டை ஏன் பத்தலை, ஏன் பத்தலைன்னு ரெண்டு மாசமா கத்திட்டிருந்தேனே" என்றார் வெய்ஸெரோ அஸ்நாகெச் கடைசியில். "ஃபந்தாயேதான் தின்னுடறான்னு நெனச்சேன். சமையல்காரி. மூஞ்சிக்கு நேரா சொல்லியும் விட்டேன். இப்ப அவகிட்ட நான் எந்த வாயோட பேசறது?"

"தப்பு என்னுது, எத்தியே. நான் வந்து அவங்ககிட்ட சொல்றேன்."

"நீ வந்து ஒண்ணும் கிழிக்க வேண்டாம். முதல்ல இன்னைக்குச் சீட்டை ஒழுங்கா அனுப்பு."

பதினோரு மணிக்குச் சீட்டுகள் போயின. ஹிருத் அத்தனையையும் ஆர்டரோடு ஒப்பிட்டாள். பிறகு நம்பிக்கையில்லாமல் மறுபடி ஒப்பிட்டாள். காபி கொண்டுவரும் பெண் தணலும் ஜெபெனா என்ற காபிக் கூஜாவுமாக வந்து ஊற்றிக்கொடுத்த கோப்பை மேசையிலேயே ஆறியது.

பன்னிரண்டரைக்கு முதல் போன் வந்தது. போன் மேசையில் இப்போது இருக்கும் பையன் அன்று விடுப்பு. எர்மியாஸே எடுத்தான். கேட்டான். ஹிருத்தைப் பார்த்தான். ஒலிபெருக்கியைத் தட்டினான்.

"முட்டை எங்கே?" என்றது ஒரு ஆண் குரல். "தினமும் வருமே. இன்னைக்கு மட்டும் ஏன் இல்லை? ஆளைப் பார்த்து வைக்கிறீங்களா?"

அவர் ஆர்டரில் முட்டை இல்லை. அதைச் சொன்னதும், "என்னைக்குத்தான் நான் கேட்டேன்? கேக்காமத்தானே வந்துச்சு. அதுதான் உங்க வழக்கம்னு நெனச்சேன்" என்றார். வைத்த கையோடு அடுத்த அழைப்பு. ஒரு வங்கிக்கார அம்மாளுக்கு அயிப் காணோம். அதற்கடுத்தது ஒரு பல் மருத்துவர். நாங்கள் பழைய வாடிக்கையாளர்கள், புதியவர்களுக்குத்தான் இப்போதெல்லாம் மரியாதையா என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் பதினோரு பேர். ஒவ்வொன்றுக்கும் எர்மியாஸ் ஒரு தாளில் கோடு போட்டான்.

"ஒரே ஒரு புகார் வந்தாலும்னு சொன்னேன்" என்றான். "பதினொண்ணு."

ஹிருத் எழுந்து நின்றாள். "ஒரு தட்டு தப்பாப் போகலை. பதினொண்ணையும் எடுத்துப் பாருங்க. கேட்டது கேட்டபடி போயிருக்கு. தப்பாப் போனப்ப ஒருத்தர் வாயத் தொறக்கலை. சரியாப் போனதும் எல்லாரும் கத்தறாங்க. இதுக்கு நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. மறுபடி தப்பா எழுதட்டுமா?"

அந்த அறையில் அவள் குரல் இவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. எர்மியாஸ் தாளைத் திருப்பி வைத்தான். சீட்டுகளை எடுத்துவரச் சொன்னான். பதினொன்றையும் ஆர்டர்களோடு வைத்து, பேனா நுனியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனான். மெதுவாகவே போனான். எங்கேயாவது ஒன்று கிடைக்காதா என்று தேடுவதுபோல் இருந்தது. கிடைக்கவில்லை.

"இதெல்லாம் முட்டைக்காரங்க" என்றான். "கேஸ் அவங்களுது இல்லை. கிப்ரெத்தோடது. அவர் மூடியைத் தொறக்கட்டும். அவருக்குத் தப்பாப் போயிருந்தா நீ ஒண்ணும் பேசக்கூடாது."

"பேசமாட்டேன்."

கிப்ரெத் பூசை முடிந்துதான் மூடியைத் திறப்பார். மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். சீட்டு சரியென்று அவளுக்குத் தெரியும். ஆனால் நேற்றுவரை நாற்பத்து மூன்று சோதனைகளும் சரி என்றுதானே அவளுக்குத் தெரிந்திருந்தது? நோட்டைத் திறந்து 'தெரியும்' என்று எழுதினாள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

நாலு மணி தாண்டி போன் அடித்தது. கிப்ரெத்தேதான். கோயிலில் பாடுகிறவரின் குரல் அது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"இன்னைக்குத் தட்டு யார் பார்த்தது?"

எர்மியாஸ் அவளை நோக்கித் தலையசைத்தான். ஹிருத் எழுந்து போனருகே போனாள். "நான்தான், காஷே" என்றாள், பெரியவர்களை அழைக்கும் முறையில். "ஹிருத்."

"விரதத் தட்டு. பருப்பு, கீரை, ஷிரோ. வேற எதுவும் இல்லை. விரலால ஒவ்வொண்ணாத் தள்ளிப் பார்த்துட்டேன்."

ஹிருத் எர்மியாஸைப் பார்த்தாள்.

"ஆனா" என்றார் கிப்ரெத், "கல்லு மாதிரி ஆறிப்போச்சு. நீங்க மத்தியானமே கொண்டுவந்து வச்சிட்டுப் போயிடறீங்க. நான் திங்கறது பூசைக்கு அப்புறம். வருஷா வருஷம் சொல்றேன். போன வருஷம் போன்ல ஒரு பொண்ணு 'எழுதிக்கிட்டேன் காஷே, எழுதிக்கிட்டேன்'னு சொல்லிச்சு. எங்க எழுதிச்சோ."

அந்தப் பெண் ஹிருத்தான். அவள் எழுதத்தான் செய்தாள். எர்மியாஸிடம் கொடுக்கவும் செய்தாள். நிரலில் அதற்கு இடம் இல்லை என்று அவன் சொன்னான். பதின்மூன்றாவது விவரம் ஒன்றைச் சேர்த்தால், பன்னிரண்டையும் வரிசையாகக் கொடுக்கும் முப்பத்தொரு இடங்களையும் திருத்த வேண்டும். ஒன்றை விட்டாலும் வரிசை குலையும். காகிதம் அவன் இழுப்பறைக்குள் போனது.

"கொஞ்சம் இருங்க, காஷே" என்றாள்.

நாற்காலிக்குத் திரும்பினாள். பில்டருக்கு இன்னொரு பெயர் சேர்த்தாள்: பூசைக்குப் பிறகு. மற்ற எந்தத் தட்டும் அதைப் பற்றிப் பேச்செடுக்காது. எடுக்காதவருக்குப் பழையபடி மதியமே போகும். சீட்டில் அது அச்சாக ஒரு வரி. இந்தத் தடவை சோதனையையும் கையோடு எழுதினாள்: கிப்ரெத்துக்கு முன்னால் ஒரு ரோஸா, கிப்ரெத்துக்குப் பின்னால் ஒரு இறைச்சிக்காரன். ஓட்டினாள். பச்சை. எர்மியாஸ் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடுகள் அசைவது கண்ணாடியில் தெரிந்தது. எண்ணுகிறான். முப்பத்தொன்றுவரை எண்ணியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

"நாளையிலேர்ந்து சமையல்கட்டுச் சீட்டுல வந்துடும், காஷே. அவங்க எத்தனை மணிக்கு அனுப்பணும்கறதை நான் எத்தியே அஸ்நாகெச்கிட்ட இப்பவே பேசிடறேன்."

"எழுதிக்கிட்டியா?"

"எழுதிட்டேன்."

"பார்ப்போம்" என்று கிப்ரெத் வைத்துவிட்டார்.

எர்மியாஸ் கோடு போட்ட தாளை எடுத்தான், நாலாக மடித்தான், எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பழைய நிரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொல்லவில்லை. போன் மேசைக்குப் போய், சுவரிலிருந்த வயரை இழுத்து, மேசைகளுக்கு அடியில் விட்டு, கடைசியில் போனை அவள் விசைப்பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான்.

"உன் நாற்காலி உனக்கு" என்றான். "ஆனா ஊர் முட்டையை மறக்கற வரைக்கும் இதுவும் உனக்கு."

"அது எத்தனை நாள்?"

"பழக்கப்படுத்த அம்பது நாள் ஆச்சு. நீயே கணக்குப் போட்டுக்கோ."

அவன் நகருமுன் போன் அடித்தது. ஹிருத் நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள். கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இல்லைங்க. நீங்க முட்டை கேக்கவே இல்லை. நாளைக்கு வேணும்னா கேளுங்க, கண்டிப்பா வைப்பாங்க. உங்களுக்கு மட்டும்."